நாற்பத்தொன்றாம் எண்ணின் கையெழுத்து

மார்ச் மாதம் வந்த கடிதத்தில் ஆளுநரின் முத்திரை இருந்தது. ஹோக்லண்ட் மாவட்ட நீதிமன்றத்தில் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கும் நீதிபதி மார்கிட் ஸ்லாவிக்கை அதே நாற்காலியில், இந்த முறை எழுபது வயது வரைக்கும், அமர்த்தும்படி செனட்டுக்கு மனமுவந்து பரிந்துரைப்பதாக எழுதியிருந்தார். அவள் கணவர் நெட் அதற்குக் கண்ணாடிச் சட்டம் வாங்கிவந்து ஆணியும் சுத்தியலுமாகச் சுவர் முன்னால் நின்றார்.

"ஆணி இருக்கட்டும் நெட். செனட்டு ஒத்துக்கட்டும், அப்புறம் அடி" என்றாள் மார்கிட்.

ஜூன் இரண்டாம் வாரம் வந்துவிட்டது. ஆணி இன்னும் ஜன்னல் விளிம்பில்தான் கிடந்தது.

நியூ ஜெர்சியில் ஆளுநர் ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வந்தவர். செனட்டிலும் அவர் கட்சிக்கே பெரும்பான்மை. அவர் ஒரு பெயரைச் சொன்னால் காரியம் அன்று மதியமே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் ஒரு மரியாதை. நீதிபதி எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவரோ, அந்த மாவட்டத்துச் செனட்டர்கள் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் பெயர் நகராது. ஏன் போடவில்லை என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. போடாதவர் யார் என்று மற்றவர்கள் கேட்கவும் கூடாது, அதுவும் மரியாதை. இந்த வழக்கம் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அதனாலேயே அதை மீற யாருக்கும் வழி தெரியவில்லை.

ஹோக்லண்ட் மாவட்டத்துக்கு இரண்டு செனட்டர்கள். ஆளுங்கட்சிக்கு ஆர்ட்டி கில்ஹூலி, எதிர்க்கட்சிக்கு ப்ரெஸ்டன் வான் டைன்.

தாளைப் பிடித்து வைத்திருப்பவர் யார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. வான் டைன் அதை ஒளிக்கவே இல்லை. வாரம் ஒரு கடிதம் வீடுவீடாக அனுப்பினார். "ஆளுநரின் நீதிபதியை என் பிணத்தின் மீது நடந்துதான் நாற்காலியில் ஏற்ற முடியும்" என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அடுத்த வாரக் கடிதத்தில் பிணத்தோடு ஒரு நன்கொடை உறையும் வந்தது. நெட் உள்ளூர்ப் பள்ளியில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறவர். பழைய வாக்காளர் பட்டியல் ஒன்றின் புண்ணியத்தில், மனைவியைத் தடுக்க நன்கொடை கேட்கும் கடிதங்கள் அவர் பெயருக்கே வந்துகொண்டிருந்தன.

கில்ஹூலியோ வேறு மாதிரி. மே மாத நினைவுநாள் ஊர்வலத்தில் நடுத்தெருவில் மார்கிட்டைக் கட்டிப்பிடித்து, "நம்ம ஜட்ஜம்மா! மாவட்டத்துக்கே பெருமை!" என்று ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னவர்.

பதவிக்காலம் ஜூன் இருபத்தெட்டு மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு அவள் கறுப்பு அங்கி வைத்திருக்கும் ஒரு சாதாரணப் பெண். ஐம்பத்து மூன்று வயதில் திரும்பிப்போக இடமும் இல்லை. நீதிபதியானபோது மூடிய அவளுடைய வக்கீல் அலுவலகத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். அவளுக்கு முன் இப்படித் தாள் நகராமல் வெளியே போன நீதிபதி ஒருவர் இன்று வீடு விற்கும் தரகராக இருக்கிறார். விளம்பரப் பலகையில் புன்னகைத்துக்கொண்டே நிற்கிறார். அந்தச் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் மார்கிட் வானொலியைத் திருகுவதுபோல் குனிந்துகொள்வாள். நீதிபதி வேலையைத் தவிர வேறெதுவும் தனக்கு இவ்வளவு நன்றாக வராது என்பதும் அவளுக்குத் தெரியும். எதிரெதிராக நிற்கும் இரண்டு பேரையும் முழுசாகக் கேட்டு, ஒருவரைத் தோற்றவர் என்று சொல்வது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

நியமனத்துக்கு நிற்கிற நீதிபதி மாவட்டச் செனட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதுவும் மரியாதைக் கணக்கில்தான் சேரும். வான் டைன் அலுவலகத்துக்கு மார்கிட் இரண்டு முறை போனாள். இரண்டு முறையும், உறையில் கடிதம் மடித்துப் போட்டுக்கொண்டிருந்த தொண்டர்களுக்கு நடுவே நின்று அவர், "என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை!" என்று முழங்கிவிட்டு அனுப்பிவைத்தார். மூன்றாம் முறை தொண்டர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வான் டைன் இரண்டு பக்கமும் பார்த்தார். அவளை உள்ளே இழுக்காத குறையாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உக்காருங்க ஜட்ஜ். காபி? தண்ணி? அந்தக் கேக்கு எடுத்துக்குங்க, நல்லாருக்கும்."

முழங்கும் குரலுக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. இது பல் வைத்தியரிடம் பேசுகிற குரல்.

"செனட்டர், நான் சுத்தி வளைக்க விரும்பல. எதுக்காக என் பேரைத் தடுக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"நானா?" வான் டைன் உண்மையிலேயே புண்பட்டுப்போனார். "நான் மார்ச் மூணாந்தேதியே கையெழுத்துப் போட்டுட்டேனே!"

மார்கிட் கேக்கைக் கீழே வைத்தாள்.

"உங்க பேரோட எங்க ஆளு பேரும் ஜோடியா போயிருக்கு ஜட்ஜ். உங்க கட்சிக்கு ஒரு நாற்காலி, எங்க கட்சிக்கு ஒரு நாற்காலி, அதானே எப்பவும் பேச்சு. என் தொழில் பார்ட்னரோட மருமகன். தங்கமான பையன், கொஞ்சம் மந்தம். நீங்க நகந்தாத்தான் அவன் நகருவான். நான் போய் உங்களைத் தடுப்பேனா? தினமும் உங்களுக்காக வேண்டிக்கிட்டிருக்கேன்!"

"அப்ப இந்தக் கடிதமெல்லாம்?"

"அது அரசியல்மா." அவர் தணிந்து சொன்னார். "ஆளுநர் கட்சிக்கு அங்க இருபத்தஞ்சு ஓட்டு. எங்களுக்குப் பதினஞ்சு. அதை வெச்சு என்னத்தைத் தடுக்கறது? எங்க ஜனங்க கிட்ட 'ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்ல முடியுமா? உங்க பேரு தானா நின்னுருச்சு. நின்னது நின்னுருச்சு, நாம நிறுத்தினதா இருக்கட்டுமேன்னு..."

"நான் வெளியில சொன்னா?"

"நீங்க ஜட்ஜ். வெளியில எதையும் சொல்ல மாட்டீங்க. அந்தத் தைரியத்துலதானே சொல்றேன்." பிறகு சங்கடத்தோடு ஒரு துண்டறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். "இன்னொண்ணு. எப்படியும் தெரியத்தான் போகுது. இருபத்தெட்டாந்தேதி சாயங்காலம் வெற்றி விருந்து வெச்சிருக்கோம். நீங்க பதவி இறங்கறதுக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. ஹால் கிடைக்கறது கஷ்டம், முன்கூட்டியே பிடிக்க வேண்டியதாப் போச்சு."

வெளியே தொண்டர்களின் காலடி கேட்டது. வான் டைன் எழுந்து கதவைத் திறந்தார். "என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை!" என்று முழங்கினார்.

இரண்டில் ஒன்று கழிந்தால் மீதி என்ன என்பதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. ஆனாலும் மார்கிட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. கில்ஹூலிக்குத் தன்மேல் என்ன கோபம் இருக்க முடியும்? அவர் வழக்கு எதுவும் அவளிடம் வந்ததில்லை. அவர் உறவுக்காரர் வழக்கும் இல்லை. மறுநாள் மதியம் தன் அறையில் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே நீதிமன்ற எழுத்தர் ஒலிம்பியா டக்கரைக் கேட்டாள். ஒலிம்பியா முப்பத்தொரு வருடம் அந்தக் கட்டிடத்தில் ஐந்து நீதிபதிகளைப் பார்த்தவள். இரண்டு பேரை மட்டும் மதித்தவள்.

"ஒலிம்பியா, நான் எப்பவாவது செனட்டர் கில்ஹூலியை ஏதாவது சொல்லியிருக்கேனா?"

ஒலிம்பியா சிரித்த சிரிப்பில் ஊறுகாய்த் துண்டு புரையேறிவிட்டது.

"நிஜமாவே ஞாபகம் இல்லையா ஜட்ஜ்? பனி தள்ற மெஷின் திருட்டுக் கேசு. மூணு வருஷம் ஆச்சு. நாப்பத்தொண்ணு!"

"என்ன நாப்பத்தொண்ணு?"

"ஜூரர் நாப்பத்தொண்ணு! அவருதான்!"

மார்கிட்டுக்கு அந்த வழக்கு நினைவிருந்தது. அந்த முகம் மட்டும் நினைவில்லை. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு என்று ஊர்ஜனங்களில் அறுபது எழுபது பேரை வரவழைப்பார்கள்; எல்லோருக்கும் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு எண் கொடுப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். அச்சடித்த தாள் இருக்கிறது. அன்றைக்கு வாய் அதைப் படித்தது, கை குறிப்பு எழுதியது, கண் குறிப்பேட்டை விட்டு ஏறவில்லை.

"நீங்க நிமிர்ந்துகூடப் பாக்கல" என்றாள் ஒலிம்பியா. "'ஜூரர் நாப்பத்தொண்ணு, உங்க தொழில் என்ன?'ன்னு கேட்டீங்க. கோர்ட்டே கொல்லுனு சிரிச்சுது. அந்த மனுஷன் பேரு தீயணைப்புக் கூடத்துல இருக்கு, மேம்பாலத்துல இருக்கு, குப்பை லாரியில இருக்கு. அவரைப் பாத்து, தொழில் என்னன்னு!"

"தாள்ல இருந்துச்சு, கேட்டேன்."

"தெரியும். அடுத்ததும் தாள்ல இருந்துதுதான். 'நீங்க ரொம்ப மதிக்கிற மூணு பேர் யாரு?'ன்னீங்க. அவரு எழுந்து நின்னு ஆரம்பிச்சாரு. முதல் ஆளு, பள்ளிக்கூடத்துல கால்பந்து சொல்லிக்குடுத்த கோச்சு. பதினோரு நிமிஷம். கோச்சு இன்னும் மைதானத்துக்கே வந்து சேரல. நீங்க, 'போதும் நாப்பத்தொண்ணு, உக்காருங்க'ன்னீங்க."

மார்கிட் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க, இன்னும் இருக்கு. 'இந்த வழக்குல யாரையாவது தெரியுமா?'ன்னு கேட்டீங்க. அவரு சொல்றாரு, மெஷின் பறிகுடுத்தவனையும் தெரியும், எடுத்தவனையும் தெரியும், போலீஸ்காரங்க, ரெண்டு வக்கீல், எல்லாரும் நம்ம ஆளுங்கதான்னு. 'அப்படின்னா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு எதிரா உங்களால முடிவு சொல்ல முடியுமா?'ன்னீங்க. 'எதுக்கு எதிரா? ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசினா முடிஞ்சுது. ஒரு மெஷின்தானே, இன்னொண்ணு ஏற்பாடு பண்ணிடலாம்'னாரு. நீங்க ஒரு வரி எழுதினீங்க. 'நாப்பத்தொண்ணால முடிவு எடுக்க முடியாது. அவரு போகலாம்'னு சொல்லிட்டீங்க."

"அறுபது பேர் முன்னாடி?"

"அறுபது ஓட்டு முன்னாடி. இருபத்திரண்டு வருஷமா இந்த மாவட்டத்துல அந்த மனுஷனை யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல. நீங்கதான் முதல்."

அன்று சாயங்காலம் நெட் கதை முழுவதையும் கேட்டார். "மன்னிப்புக் கேட்டுடேன். நாலு வரிதானே? முடிஞ்சுரும்" என்றார்.

"என்ன தப்புப் பண்ணேன்னு மன்னிப்புக் கேக்கறது? அவரால முடிவு எடுக்க முடியாதுன்னேன். எடுக்க முடியாதுதானே?"

"அதைச் சொல்லாம மத்ததைச் சொல்லு."

நான்கு வரிகளை எழுதினாள். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை சொல்லிப்பார்த்தாள். தன் முன்னால் நிற்கிற எந்தச் சாட்சி இந்த முகத்தோடு இப்படிச் சொன்னாலும் அவள் ஒரு வார்த்தைகூட நம்பியிருக்க மாட்டாள்.

கில்ஹூலி காலை ஏழு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்து டைனரில் கிடைப்பார். சன்னலோர இருக்கை அவருடையது. மேசையில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு உண்டு. பன்றி இறைச்சி வறுவலும் முட்டையும் வைத்த ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் வருகிறவர் போகிறவர் கைகளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க ஜட்ஜம்மா! மாவட்டத்துக்கே பெருமை! வாண்டா, நம்ம ஜட்ஜம்மாவுக்கு ஒரு காபி! உங்க விஷயம் என்னாச்சு? அந்த வான் டைன் விட மாட்டேங்கிறானா? சே!"

மார்கிட் உட்கார்ந்தாள். பையைத் தொட்டுப் பார்த்தாள். நான்கு வரிகள் உள்ளே இருந்தன.

"செனட்டர், மூணு வருஷத்துக்கு முன்னாடி என் கோர்ட்டுல..."

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல ஜட்ஜம்மா" என்றார் கில்ஹூலி சட்டென்று. "நாப்பத்தொண்ணுங்கற நம்பர்கூட எனக்கு ஞாபகமில்ல."

ஏழு வருட அனுபவம் அங்கேதான் கைகொடுத்தது. சாட்சி தானாக உளறியபின் நீதிபதி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது. மார்கிட் பையிலிருந்து கையை எடுத்தாள். காபியைக் கிளறினாள். சர்க்கரை போடாத காபி அது.

"நான் அதுக்கு வரல. ஒரு சந்தேகம் கேக்க வந்தேன். பேப்பர் பாத்தீங்களா? ஹோக்லண்ட்ல வான் டைன் சம்மதம் இல்லாம ஒரு நாற்காலி நகராதுன்னு போட்டிருக்காங்க. அது சரியா செனட்டர்?"

"அவனா? அடைச்ச சாக்கடையை நகர்த்தச் சொல்லுங்க பாப்போம். நாப்பது பேர்ல பதினஞ்சு பேர வெச்சுக்கிட்டு அவன் என்னத்தைத் தடுப்பான்?"

"அப்ப என் பேரை யாரு தடுத்தது?"

கில்ஹூலி வாயைத் திறந்தார். அடுத்த மேசையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் முட்டையை நிறுத்தினார்கள். வாண்டா காபிக் குடுவையோடு அங்கேயே நின்றாள். தன் கட்சி ஆளுநர் சொன்ன பெயரைத் தானே பிடித்து வைத்திருப்பதாக டைனருக்குச் சொல்ல முடியாது. வான் டைன் தடுத்தான் என்றும் இனிமேல் சொல்ல முடியாது. அரை நிமிடத்துக்கு முன்னால்தான் அவனால் முடியாது என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்.

"யாரும் தடுக்கல" என்றார். "தாளு எங்கயாவது சிக்கியிருக்கும்."

"எங்க சிக்கியிருக்கும்னு நினைக்கறீங்க?"

"ஏதாவது மேசை இழுப்பறையில."

"யாரோட இழுப்பறை?"

"ஜட்ஜம்மா, இது கோர்ட்டு இல்ல, டைனர்!"

"ஆமா. மன்னிக்கணும்." மன்னிப்பு அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "வர்ற இருபத்தெட்டாந்தேதி வான் டைன் வெற்றி விருந்து வைக்கிறாராம். என்னைத் தடுத்துட்டதுக்கு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்குமே?"

"விருந்தா? எங்க?"

"தீயணைப்புக் கூடத்துல."

"எந்தத் தீயணைப்புக் கூடம்?"

"ஆர்தர் ஜே. கில்ஹூலி தீயணைப்புக் கூடம்" என்றாள் மார்கிட். துண்டறிக்கையை மேசையில் வைத்தாள். அதில் வாசலின் புகைப்படமே இருந்தது. மேலே கில்ஹூலியின் பெயர் எழுத்துக்கு ஓர் அடி உயரத்தில். அதன் கீழே வான் டைன், கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு.

கில்ஹூலி ரொட்டியைத் தட்டில் வைத்தார். அவர் ரொட்டியைப் பாதியில் வைத்து அந்த டைனரில் ஒருவரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தாள் மாநிலத் தலைநகர் ட்ரென்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தபாலை நம்பாமல் கில்ஹூலியே காரில் கொண்டுபோய்க் கொடுத்தாராம். பத்திரிகைக்காரர்களிடம், "எதிர்க்கட்சியின் முட்டுக்கட்டையை உடைத்தெறிந்தேன்" என்றார். வான் டைன் பக்கத்து ஒலிவாங்கியில், "ஜனநாயகத்தின் கறுப்பு நாள்" என்றார். சொல்லிவிட்டு, பார்ட்னரின் மருமகனுக்குப் போன் போட்டுப் புதுச் சூட்டு தைக்கச் சொன்னார்.

ஜூன் இருபத்தாறாம் தேதி. வரவுசெலவுத் திட்டத்துக்குக் கடைசி வாரம் என்பதால் செனட்டில் எல்லாமே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நீதிக் குழுவின் விசாரணை, மதியம் மன்றத்தில் ஓட்டு. நீதிபதியை அவருடைய மாவட்டச் செனட்டர்தான் குழுவுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார்கள். கில்ஹூலி எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். மார்கிட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒலிம்பியா, "பொத்தான் போடறாரு. சாப்பாடு போச்சு" என்று முனகினாள்.

"தலைவர் அவர்களே! நான் மிகவும் மதிக்கும் மூன்று பேரைப் பற்றி ஒருமுறை என்னிடம் கேட்கப்பட்டது. பதில் சொல்லி முடிக்க அவகாசம் கிடைக்கவில்லை" என்று கில்ஹூலி ஆரம்பித்தார்.

கோச்சு இந்த முறை மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு பருவம் முழுக்க ஆடினார். இரண்டாவது ஆள், குளிரில் நின்று கில்ஹூலிக்கு முதல் தேர்தலில் துண்டறிக்கை கொடுத்த தபால்காரர். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. குழுத் தலைவர் கைக்கடிகாரத்தை மேசைமேல் கழற்றி வைத்தார். போதும் உட்காருங்கள் என்று சொல்லும் அதிகாரம் அந்த அறையில் அவருக்கு உண்டு. மரியாதை கருதி அவர் சொல்லவில்லை. சொல்லிப் பழகிய மார்கிட்டோ அந்த அறையில் வாயைத் திறக்க முடியாமல், கைகளைக் கோத்துக்கொண்டு, தபால்காரருக்கு மூட்டுவலி வந்த கதையைக் கேட்டாள்.

"மூன்றாவது, இதோ உட்கார்ந்திருக்கிற நம் நீதிபதி!" கில்ஹூலி அவள் பக்கம் திரும்பினார். கேமராக்களும் திரும்பின. "ஜட்ஜம்மா, ஒரே ஒரு கேள்வி. இன்னைக்கு உங்க கோர்ட்டுக்கு நான் ஜூரியா வந்தா என்னைச் சேத்துக்குவீங்களா?"

அறை முழுவதும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தது. ஒரு 'ஆமாம்' போதும். நெட் பின்வரிசையிலிருந்து தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு ஓட்டு. அதுவரை எதுவும் நடக்கலாம். ஒரு மனிதரைக் குளிரவைக்க, ஒரு நிமிடம், ஒரு சொல். ஆனால் திங்கட்கிழமை இதே கேள்விகளை வேறு அறுபது பேரிடம் படிக்க வேண்டியவள் அவள். ஒன்று மட்டும் அவளுக்கு நிச்சயம்: இந்த மனிதர் இப்போது பின்வாங்கினால் தீயணைப்புக் கூடத்தில் இருபத்தெட்டாம் தேதி வான் டைன் கேக் வெட்டுவார்; அதை இவர் தாங்க மாட்டார்.

"அதுக்கு நான் முதல்ல உங்களை ஒரு கேள்வி கேக்கணுமே செனட்டர். எல்லாரையும் கேக்கற கேள்விதான்" என்றாள். "ரெண்டு பேர் எதிரெதிரா நிக்கறாங்க. ஒருத்தர் தோத்தே ஆகணும். உங்களால முடிவு சொல்ல முடியுமா?"

"ஏன் தோக்கணும்?" என்றார் கில்ஹூலி. யோசிக்கவே இல்லை. "ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசினா..."

"நன்றி" என்றாள் மார்கிட். "நீங்க போகலாம்."

முதலில் சிரித்தவர் வான் டைன். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பது கண்ணில் பட்டதும் கில்ஹூலியின் முகத்தில் ஏறிக்கொண்டிருந்த சிவப்பு பாதி வழியில் நின்றது. கேமரா பக்கம் திரும்பி, வான் டைனைவிடச் சத்தமாக அவரும் சிரித்தார்.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் நான் இவங்களைத் தேர்ந்தெடுத்தேன்!"

மதியம் ஓட்டெடுப்பு. வான் டைன் எழுந்து, நீதித்துறையே இன்றோடு சரிந்துவிட்டது என்று ஆறு நிமிடம் முழங்கினார். உட்கார்ந்தபோது துண்டறிக்கைக் கட்டை மேசையின் ஓட்டுப் பொத்தான்கள்மேல் சாய்த்து வைத்தார். அதன் மறைவில் விரல் வேலை செய்தது. சுவரிலிருந்த பெரிய பலகையில் எல்லோருடைய பெயருக்கும் நேரே பச்சை விளக்கு எரிந்தது. வான் டைன் பெயருக்கு நேரேயும் எரிந்தது. அந்த நேரத்தில் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வரவுசெலவுத் திட்டம் பேசும் அறையில் இருந்தார்கள். பலகையை ஒருவரும் பார்க்கவில்லை. முப்பத்தெட்டுக்குப் பூஜ்யம். வராத இரண்டு பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். அடுத்த பெயர் பார்ட்னரின் மருமகன், அதற்கும் பச்சை.

"எதிர்க்கட்சியால ஒரு ஜட்ஜைத் தடுக்க முடியுமான்னு எம் பேத்தி பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க" என்றாள் ஒலிம்பியா, திரும்பி வரும்போது காரின் பின்னிருக்கையிலிருந்து. "என்ன எழுதச் சொல்லட்டும் ஜட்ஜ்?"

"உண்மையை எழுதச் சொல்லு."

"அப்ப ஃபெயிலாயிடுவா."

வெற்றி விருந்து இருபத்தெட்டாம் தேதி, பிடித்த கூடத்தை விட மனமில்லாமல், நடந்தேறியது. துண்டறிக்கையில் 'வெற்றி' என்ற சொல்லின்மேல் 'போராட்ட' என்று ஒரு சிறு காகிதம் ஒட்டியிருந்தார்கள். கூடம் தன் பெயரில் இருப்பதால் கில்ஹூலியும் வாசலில் நின்று வந்தவர்களின் கைகளைக் குலுக்கினார். பாதிப் பேர் அவர்தான் விருந்து வைக்கிறார் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்களாம்.

அன்று மாலை ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு மார்கிட் தன் அறையில் அங்கியோடு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை ஜூரிக்கு வரப்போகிறவர்களின் பட்டியலைப் பார்த்தாள். ஒரு பெயரில் விரல் நின்றது.

"ஒலிம்பியா, மூணு வருஷத்துக்கு ஒருதரம்தானே ஜூரிக்குக் கூப்பிடுவாங்க?"

"ஆமா ஜட்ஜ். கம்ப்யூட்டர் தானா பொறுக்கி எடுக்கும். அது ஆளு பாக்காது." ஒலிம்பியா தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "இந்தத் தடவை பதினேழாம் நம்பர். நான் வேணா அந்தத் தொழில் கேள்வியை மட்டும் தாள்ல அடிச்சுரட்டுமா?"

"இல்ல" என்றாள் மார்கிட். "இருக்கட்டும். எல்லாரையும் கேக்கறதுதானே."

வீட்டுக்குப் போனபோது நெட் சுத்தியலோடு நின்றார். ஆணி ஏற்கனவே சுவரில் இருந்தது, சற்றுக் கோணலாக.